இரண்டு கடைகளில் ஒரே இசைத்தட்டு: ஸ்ட்ரைப்பர் என்ற மஞ்சள் கறுப்புக் குழு

ஸ்ட்ரைப்பர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ மெட்டல் குழு 1986 அக்டோபர் 24-ல் வெளியிட்ட ‘டு ஹெல் வித் த டெவில்’ ஆல்பத்துக்கு இரண்டு அட்டைகள் உண்டு. முதல் அட்டையில், நீளத் தலைமுடியும் இறக்கையுமாக நான்கு தேவதூதர்கள் சாத்தானைப் பிடித்துப் பாதாளத்தில் தள்ளுகிறார்கள். இரண்டாவது அட்டையில் படமே கிடையாது. கறுப்புப் பின்னணி, குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், அவ்வளவுதான். முதல் படத்துக்குக் கிறிஸ்தவ வட்டாரத்தில் எதிர்ப்பு வந்ததால் அட்டையை மாற்றினார்கள். உள்ளே இருந்த பாட்டில் ஒரு சொல்கூட மாறவில்லை. சாத்தானை நரகத்துக்குத் துரத்துகிற பாட்டை, தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சாத்தானைப் போற்றுகிற பாட்டு என்று முடிவுகட்டியவர்களும் அன்று இருந்தார்கள்.

ஸ்ட்ரைப்பருக்கு வந்த கஷ்டங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஒரே இசைத்தட்டு நகரத்து ரெக்கார்டு கடையிலும் விற்க வேண்டும், கிறிஸ்தவப் புத்தகக் கடையிலும் விற்க வேண்டும். இரண்டு கடைக்கும் வருகிற ஆட்கள் வேறு, எதிர்பார்ப்பு வேறு. இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக மேடையிலிருந்து பைபிள் வீசியதையும் கோடு போட்ட உடையையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் எப்படி வாசித்தார்கள், தட்டு எப்படி விற்றது என்று பார்த்தால்தான் ஏன் ஏறினார்கள், ஏன் சரிந்தார்கள், ஏன் மறுபடி எழ முடிந்தது என்பது பிடிபடும்.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்ட்டிதான் ஊர். அண்ணன் ராபர்ட் ஸ்வீட் டிரம்ஸ், தம்பி மைக்கேல் ஸ்வீட் பாட்டும் கிட்டாரும். 1980-களின் தொடக்கத்தில் ‘ராக்ஸ் ரெஜீம்’ என்ற பெயரில் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு பாய்ஸன் குழுவில் பேர் வாங்கிய சி.சி. டெவில்கூடக் கொஞ்ச காலம் இவர்களோடு இருந்திருக்கிறார். 1983-ல் ஆஸ் ஃபாக்ஸ் இரண்டாவது கிட்டாருக்கும் டிம் கெய்ன்ஸ் பேஸ் கிட்டாருக்கும் வந்து சேர, குழுவைக் கடவுளுக்கென்று ஒப்புக்கொடுத்துப் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். ஸ்வீட் குடும்பம் விசுவாசத்துக்குள் வந்தது 1970-களின் நடுவில், ஜிம்மி ஸ்வாகர்ட்டின் தொலைக்காட்சிப் பிரசங்கங்களைப் பார்த்து. பத்து வருடம் கழித்து அதே ஸ்வாகர்ட் கிறிஸ்தவ ராக் இசையையே கடுமையாகக் கண்டித்தார். அவர் சாடியவர்களில் ஸ்ட்ரைப்பரும் உண்டு. யாருடைய பேச்சால் மனம் மாறினார்களோ அவரே மறுத்துப் பேசியது அவர்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிறிஸ்தவ ராக்கை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. லாரி நார்மனின் ‘அப்பான் திஸ் ராக்’ 1969-லேயே வந்துவிட்டது. சிகாகோவின் ரெசரெக்‌ஷன் பேண்ட், பெட்ரா எல்லாம் இவர்களுக்கு மூத்தவர்கள். ஆனால் அந்தக் குழுக்களின் பெரும்பாலான கேட்பவர்கள் சபை வட்டாரத்துக்குள் இருந்தார்கள். ஸ்ட்ரைப்பர் நேராக லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்புகளில் போய் நின்றது. அப்போது அங்கே கிளாம் மெட்டல் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது: ஸ்ப்ரே அடித்துத் தூக்கிய தலைமுடி, உடம்போடு ஒட்டிய ஸ்பாண்டெக்ஸ், உச்சஸ்தாயியில் பாடும் ஆண்குரல், கூட்டமே சேர்ந்து பாடும்படியான கோரஸ், ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு மெதுவான காதல் பாட்டு. பாட்டுப் பொருள் பெண், குடி, ராத்திரி. இதில் பாட்டுப் பொருளை மட்டும் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே, இன்னும் ஒரு படி கூடுதலாகவே, எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் ராட், பான் ஜோவி போன்ற குழுக்களுக்கு முன்னால் மேடையேறியிருக்கிறார்கள். இயேசு என்ற பெயரைக் கேட்கவே வராத கூட்டத்துக்கு முன்னால் அதைப் பாடினார்கள். இதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. அந்தக் கூட்டம் வெளியே போகாமல் நிற்கும் அளவுக்கு வாசிக்கவும் தெரிய வேண்டும்.

மஞ்சள் கறுப்புக் கோடு ராபர்ட்டின் யோசனை. முதலில் கண்ணில் அடிக்க வேண்டும் என்பதற்காகவே கையில் கிடைத்ததற்கெல்லாம் கோடு போட்டார். வேத வசனத்தோடு அது இணைந்தது பிறகுதான். ஏசாயா 53:5-ல் தமிழ் பைபிள் ‘தழும்புகளால் குணமாகிறோம்’ என்று சொல்லும் இடத்தில், பழைய ஆங்கில பைபிளில் கோடுகள் என்றும் பொருள்படும் சொல் இருக்கிறது. அதிலிருந்துதான் பெயர் வந்தது. குழுவின் சின்னத்தின் கீழே அந்த வசன எண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கிட்டாரில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு, அதனால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நிறமிக்கு மறைக்கும் சக்தி குறைவு. மரத்தின் மேலோ பழைய பெயின்ட் மேலோ நேராக அடித்தால் எத்தனை கோட் அடித்தாலும் அழுக்கு மஞ்சளாகத்தான் நிற்கும். முதலில் வெள்ளை அடித்தளம், அது காய்ந்து தேய்த்த பிறகு மெல்லியதாக இரண்டு மூன்று கோட் மஞ்சள். பிறகு டேப். கிட்டார் உடலின் வளைவில் அகலமான காகித டேப் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். எனவே கோட்டின் ஓரத்துக்கு 3 மில்லிமீட்டர் வினைல் டேப் ஒட்டி, நடுவில் உள்ள இடத்தை அகல டேப்பால் மூட வேண்டும். கறுப்பு அடிப்பதற்கு முன்னால் டேப் ஓரங்களில் மறுபடி ஒரு மெல்லிய மஞ்சள் கோட். இது டேப்புக்கு அடியில் இருக்கிற இடுக்கை அடைத்துவிடும், கறுப்பு கசிந்து உள்ளே போகாது. எல்லோரும் தாண்டிப்போகிற படி இதுதான். பல்லுப் பல்லாகக் கோடு வருவதற்குக் காரணமும் இதுதான். கறுப்பு முழுக்க இறுகுவதற்குள் டேப்பைத் தாழ்ந்த கோணத்தில் உரிக்க வேண்டும், இறுகின பிறகு உரித்தால் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். கழுத்து பொருந்தும் குழிக்குள் பெயின்ட் படவே கூடாது. அங்கே சேரும் கனம் கழுத்தின் கோணத்தை மாற்றி, தந்திகளின் உயரத்தைக் கெடுத்துவிடும்.

மேடை விளக்கும் இதில் சேர்த்தி. சிவப்பு விளக்கில் மஞ்சள் சிவப்பாகத் தெரியும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும், கோடு நிற்கும். நீல விளக்கில் மஞ்சள் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும், கோடு மறைந்துபோகும். இந்த நிறத்தைக் கட்டிக்கொண்டவர்களுக்கு வெள்ளை, மஞ்சள் விளக்குகள்தான் சோறு போடும்.

ராபர்ட் செய்த இன்னொரு காரியம், டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தது. மற்றவர்கள் எல்லாம் டிரம்களுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்க, இவருடைய கையும் காலும் முழுக்கத் தெரியும். ஆல்பங்களில் தன் பெயருக்கு எதிரே டிரம்மர் என்று போடாமல் ‘விஷுவல் டைம்கீப்பர்’ என்றுதான் போட்டுக்கொண்டார். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் விலை உண்டு. பாடகரையும் பேஸ் வாசிப்பவரையும் பார்த்துக் கண்ஜாடை வாங்க ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டும். சிம்பல்களின் சத்தம் ஒரு பக்கத்துப் பாட்டு மைக்குக்குள் அதிகமாக ஏறும். இவ்வளவையும் சமாளித்துத் தாளம் நழுவாமல் வாசித்திருக்கிறார் என்பதை 1985-ல் டோக்கியோவின் நக்கானோ சன் பிளாசா அரங்கில் பதிவான கச்சேரி வீடியோவில் பார்க்கலாம்.

இனி ஓசைக்கு வருகிறேன். என் கணக்கில் ஸ்ட்ரைப்பரைத் தாங்குகிற தூண்கள் இரண்டு: மைக்கேலும் ஆஸ் ஃபாக்ஸும் சேர்ந்து வாசிக்கும் இரட்டைக் கிட்டார், அடுக்கடுக்கான கோரஸ் குரல்கள்.

இரட்டைக் கிட்டார் என்றால் ஒரே மெட்டை ஒருவர் வாசிக்க, மற்றவர் அதே சுர அளவில் (ஸ்கேல்) அங்கிருந்து மூன்றாவதாக வரும் சுரத்தை வாசிப்பது. ஈ மைனர் அளவை எடுத்துக்கொள்வோம். நம் சங்கீதத்தில் நடபைரவியின் சுரங்கள். முதல் கிட்டார் ஈ வாசித்தால் இரண்டாவது ஜி, மூன்று ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள கட்டு) தள்ளி. முதல் கிட்டார் ஜி வாசித்தால் இரண்டாவது பி, இப்போது நான்கு ஃப்ரெட். ஏ-க்கு சி, மூன்று. சி-க்கு ஈ, நான்கு. இடைவெளி சுரத்துக்குச் சுரம் மாறிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரே விரல் வடிவத்தை நான்கு ஃப்ரெட் மேலே தூக்கி அப்படியே வாசித்துவிடுவார்கள். இரண்டு சுரம் சரியாக இருக்கும், மூன்றாவது அளவுக்கு வெளியே போய் நாராசமாகிவிடும். இரண்டாவது பாகத்தைத் தனி மெட்டாகவே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

தந்தியை இழுத்து வாசிக்கும் இடம் இன்னும் கஷ்டம். முதல் ஆள் டி-யிலிருந்து ஈ-க்கு இழுக்கும்போது முழுச் சுரம் இழுக்க வேண்டும். அதே நேரத்தில் இரண்டாவது ஆள் எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு அரைச் சுரம் மட்டும் இழுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், ஆனால் தூரம் வேறு. போய்ச் சேர்ந்த பிறகு போடும் அசைவின் அகலமும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்’ பாட்டின் இரட்டைக் கிட்டார் பகுதிகளை மெதுவாக்கிக் கேளுங்கள், சுரங்களின் முனைகள் எவ்வளவு நேர்த்தியாகச் சேர்கின்றன என்பது தெரியும். ஒத்திகை இல்லாமல் இது வராது.

இரண்டு கிட்டாரையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் செருகக் கூடாது. ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வழியாக இரண்டு சுரம் சேர்ந்து போகும்போது அவற்றின் வித்தியாசத்தில் மூன்றாவதாக ஒரு கரகரப்பு உருவாகும். மூன்றாம் சுர இணைப்பு சேறாகக் கேட்கும். ஆளுக்கு ஒரு ஆம்ப், பதிவில் ஒன்றை இடதுபக்கமும் இன்னொன்றை வலதுபக்கமும் ஒதுக்கினால் தெளிந்துவிடும். டிஸ்டார்ஷனைத் தனியாக வாசிக்கும்போது வைக்கிற அளவைவிடக் கொஞ்சம் குறைக்கவும் வேண்டும்.

குரல் அடுக்கு ஸ்டுடியோ வேலை. அந்தக் காலத்துப் பெரிய ஸ்டுடியோக்களில் 2 அங்குல டேப், 24 டிராக், அதாவது தனித்தனியாகப் பதியும் 24 தடங்கள். நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் 2,500 அடி ரீல் 17 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதாவது ஒரு ரீலுக்கு மூன்று நான்கு பாட்டு. டிரம்ஸ் எட்டுப் பத்து டிராக்கைச் சாப்பிட்டுவிடும், பேஸுக்கு ஒன்றிரண்டு, தாளக் கிட்டாருக்கு நான்கு, சோலோவுக்கு இரண்டு, கீபோர்டுக்கு இரண்டு. பாட்டுக்கு மிஞ்சுவது ஐந்தாறு. ஆனால் மூன்று பாகக் கோரஸில் ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு முறை பாடினாலே ஆறு ஆகிவிடும், முதன்மைக் குரலுக்கு இடமே இல்லை. எனவே ஆறு குரலையும் கலந்து இரண்டு டிராக்கில் இறக்கி, பழைய ஆறையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறு பதிவு செய்வார்கள். இறக்கிய பிறகு ஒரு குரல் தூக்கலாக இருக்கிறது என்று தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாவற்றையும் மறுபடி பாட வேண்டும். ஆறு பேர் ‘ஸ்’ சொல்லும்போது ஆறு இடத்தில் விழுந்தால் பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். அதனால் ஒருவர் மட்டும் அந்த மெய்யெழுத்தை உச்சரிக்க, மற்றவர்கள் விழுங்கிவிடுவது வழக்கம். இப்போது கணினியில் ஐம்பது டிராக் போடலாம், பின்னால் இழுத்துச் சரிசெய்யலாம். அன்று தொண்டையிலேயே சரியாக வர வேண்டும். ஸ்ட்ரைப்பரின் 80-கள் தட்டுகளை நான் இவ்வளவு மதிப்பதற்கு இது பெரிய காரணம்.

முதல் தட்டு ‘த யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்’, 1984 ஜூலை, ஆறு பாட்டு மட்டும். எனிக்மா ரெக்கார்ட்ஸ் எச்சரிக்கையாக முதலில் 20,000 பிரதிதான் போட்டது. கிறிஸ்தவக் கம்பெனி ஒன்றிடம் போகாமல் பொதுக் கம்பெனியிடம் போனது குழு எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது என்பேன். கிளப் ரசிகன் நுழைகிற கடையில் தட்டு இருந்ததற்கு அதுதான் காரணம். 1985 மே மாதம் ‘சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்’ வந்தது. ஜெர்மன்காரரான மைக்கேல் வாகனர் தயாரிப்பு. டாக்கன், அக்செப்ட் போன்ற குழுக்களோடு வேலை செய்தவர். கிட்டார் கூர்மையும் டிரம்ஸின் அகலமும் இந்தத் தட்டில்தான் முதன்முதலாகச் சரியாக அமைந்தன. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 84-வது இடம் வரை ஏறியது.

அடுத்தது, நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு அட்டை ஆல்பம். பட்டியலில் 32-வது இடம், பிளாட்டினம் விற்பனை. ‘கால்லிங் ஆன் யூ’, ‘ஃப்ரீ’, ‘ஆனஸ்ட்லி’ மூன்றும் எம்டிவி இசைச் சேனலில் ரசிகர்கள் தொலைபேசியில் கேட்டு வாங்கும் நிகழ்ச்சியில் முன்வரிசைக்கு வந்தன. பியானோவில் தொடங்கும் ‘ஆனஸ்ட்லி’ பொதுப் பாடல் பட்டியலில் 23-வது இடம் பிடித்தது. அட்டைக்குள் படத்தில் டிம் கெய்ன்ஸ் இருந்தாலும் இந்தத் தட்டில் பேஸ் வாசித்தவர் பிராட் காப் என்ற ஸ்டுடியோக் கலைஞர். பதிவுக் காலத்தில் கெய்ன்ஸ் குழுவைவிட்டு விலகியிருந்தார், கச்சேரிப் பயணத்துக்குத் திரும்பி வந்தார். 1988-ன் ‘இன் காட் வி ட்ரஸ்ட்’ தட்டிலும் பேஸ் காப்தான்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பட்டியல் எண்களைப் பார்த்து இந்தக் குழுவை எடைபோடுகிறவர்கள் தவறிவிடுகிறார்கள். 1991 மே வரை பில்போர்டு ஆல்பம் பட்டியல் ரெக்கார்டு கடைகள் சொல்லும் தகவலை வைத்துத்தான் தயாரானது. அதற்குப் பிறகு கடைக் கவுண்டரில் பட்டைக்குறியை ஸ்கேன் செய்யும் முறை வந்தது. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளின் விற்பனை அந்த முறைக்குள் சேர்ந்தது 1995-ல்தான். அதாவது ஸ்ட்ரைப்பரின் பொற்காலத்தில் அவர்களுடைய இரண்டு கடைகளில் ஒன்றின் விற்பனை பட்டியலில் ஏறவே இல்லை. தங்கம், பிளாட்டினம் வேறு கணக்கு: 5 லட்சம், 10 லட்சம் பிரதிகள், கம்பெனி கடைகளுக்கு அனுப்பியதை வைத்து. ‘டு ஹெல் வித் த டெவில்’, ‘இன் காட் வி ட்ரஸ்ட்’ இரண்டும் 32 வரைதான் போயின, ஆனால் ஒன்று பிளாட்டினம், மற்றது தங்கம். உச்ச இடம் ஒரே ஒரு வாரத்தின் படம். இந்த இரண்டில் முதலாவது வந்து ஒரு வருடம் கழித்தும் ‘ஆனஸ்ட்லி’ வானொலியில் ஏறிக்கொண்டிருந்ததால் தட்டு விற்றுக்கொண்டே இருந்தது. இரண்டாவதில் ‘ஆல்வேஸ் தேர் ஃபார் யூ’ 71-லேயே நின்றுவிட்டது. தாங்கிப் பிடிக்கப் பாட்டு இல்லை.

‘இன் காட் வி ட்ரஸ்ட்’ பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. எல்லாம் பளபளவென்று இருக்கிறது, ஆனால் கிட்டார் பின்னால் போய்விட்டது, கீபோர்டு முன்னால் வந்துவிட்டது. முந்தைய தட்டில் விற்றது மெதுவான பாட்டு என்ற பாடத்தைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. தலைப்புப் பாட்டு மட்டும் இன்றைக்கும் கெத்தாக நிற்கிறது.

1990 ஆகஸ்டில் ‘அகெய்ன்ஸ்ட் த லா’. மாட்லி க்ரூவின் தட்டுகளைத் தயாரித்த டாம் வெர்மன் தயாரிப்பு. மஞ்சள் கறுப்புக் கோடு போய்த் தோல் உடை வந்தது. வரிகளில் கடவுள் பெயர் நேரடியாக வராது. எர்த், விண்ட் அண்ட் ஃபயரின் ‘ஷைனிங் ஸ்டார்’ பாட்டையும் எடுத்து வாசித்தார்கள். இசையாக மட்டும் பார்த்தால் அவர்களுடைய 80-கள் வரிசையிலேயே கிட்டார் இறுக்கமாக அமைந்த தட்டு இது, இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. விற்பனையில்தான் அடி. பட்டியலில் 39, தங்கம்கூட எட்டவில்லை. காரணம் எளிது. கிறிஸ்தவக் கடைக்காரருக்கு இதை வைக்கக் காரணம் போய்விட்டது. பொதுக் கடை ரசிகனுக்கோ அதுவரை பைபிள் குழு என்று ஒதுக்கிவைத்தவர்களை இப்போது வாங்கப் புதிதாக ஒரு காரணமும் வரவில்லை. இருந்த கூட்டம் கலைந்தது, புதுக் கூட்டம் சேரவில்லை. அந்த நாட்களில் தாங்கள் குடிப்பழக்கத்துக்குள் போய்விட்டிருந்ததையும் பிற்பாடு மைக்கேல் ஒளிக்காமல் பேசியிருக்கிறார்.

அதோடு கம்பெனியும் கையைவிட்டது. எனிக்மா மூடப்பட, 1991-ல் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் ‘கேன்ட் ஸ்டாப் த ராக்’ என்ற தொகுப்பை இரண்டு புதுப் பாட்டோடு வெளியிட்டது. அதே வருடம் செப்டம்பரில் புது வகை ராக் வாசித்த நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது, கிளாம் மெட்டலுக்கே கடை அடைக்கிற நேரம் நெருங்கியது. 1992-ல் மைக்கேல் விலகினார். மீதி மூவரும் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு 1993-ல் கலைந்தார்கள். மைக்கேல் 1994-ல் தன் பெயரிலேயே தனி ஆல்பம் போட்டார். ஆஸ் ஃபாக்ஸும் கெய்ன்ஸும் ‘சின்டிஸி’ என்று ஒரு குழு நடத்தினார்கள். இந்தப் பத்து வருடத்தில் ஸ்ட்ரைப்பர் பற்றிச் சொல்ல வேறு அதிகம் இல்லை.

2003-ல் மறுபடி சேர்ந்து பயணம் போனார்கள். 2005-ல் ‘ரீபார்ன்’, பேஸில் ட்ரேசி ஃபெர்ரி. 2007-ல் பாஸ்டன் என்ற ராக் குழுவின் பாடகர் பிராட் டெல்ப் இறந்த பிறகு, மைக்கேல் அந்தக் குழுவோடும் பாடினார், 2008-ல் பயணமும் போனார். 2009-ல் மனைவி கைலைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த வருடமே வந்த ‘மர்டர் பை பிரைட்’ தட்டில் பாஸ்டனின் ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ இருக்கிறது, அதில் அந்தக் குழுவின் டாம் ஷோல்ஸே கிட்டார் வாசித்திருக்கிறார். டிரம்ஸ் மட்டும் ராபர்ட் அல்ல, கென்னி ஆரனாஃப்.

2011-ன் ‘த கவரிங்’ பிறர் பாட்டுகளின் தொகுப்பு. பிளாக் சாபத், ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன், யூஎஃப்ஓ, ஸ்கார்ப்பியன்ஸ், வான் ஹேலன் என்று பன்னிரண்டு பாட்டு. சபைக்காரர்கள் சிலர் முகம் சுளித்திருக்கலாம், ஆனால் இந்தக் குழுவின் கிட்டார் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடையாது. இரட்டைக் கிட்டாருக்கு அயர்ன் மெய்டனும் ஜூடாஸ் பிரீஸ்டும், குரல் வளைவுக்கு வான் ஹேலன் பக்கம் என்று தடம் தெளிவாகத் தெரியும்.

2013-ல் ‘செகண்ட் கமிங்’. முதல் மூன்று தட்டுகளின் பாட்டுகளையே திரும்பப் பதிவு செய்து, இரண்டு புதுப் பாட்டும் சேர்த்தார்கள். பழைய குழுக்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது: பாட்டை எழுதியவரின் உரிமை, அந்தப் பதிவுக்கு உரியவரின் உரிமை. பதிவு பெரும்பாலும் கம்பெனியிடம் இருக்கும், கம்பெனி கை மாறினால் பதிவும் கை மாறும். சினிமாவோ விளம்பரமோ பாட்டைக் கேட்டு வந்தால் இரண்டு உரிமைக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்துவிட்டால் பழைய பதிவைத் தேடிப் போகவேண்டிய அவசியம் இல்லை. இதில் தவறிப்போகிற இடம் ஒன்று உண்டு: காது பழைய பதிவின் அறை எதிரொலி, டேப்பின் வெதுவெதுப்பு, இருபது வயதுக் குரல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ‘பாட்டு’ என்று நினைவில் வைத்திருக்கிறது. சுரம் தப்பாமல் வாசித்தாலும் ஏதோ குறைவது போல இருக்கும். ‘செகண்ட் கமிங்’ அந்தக் குறையிலிருந்து முழுக்கத் தப்பவில்லை, ஆனால் கிட்டார் கனமாகவும் பேஸ் தெளிவாகவும் இருப்பதால் முதல் தட்டின் பாட்டுகளுக்கு நியாயம் செய்திருக்கிறது.

அதே வருடம் நவம்பரில் வந்த ‘நோ மோர் ஹெல் டு பே’யிலிருந்து வேறொரு ஸ்ட்ரைப்பர். பளபளப்பு போய்க் கனம் வந்தது. 2015-ன் ‘ஃபாலன்’ இன்னும் கனம். அதில் பிளாக் சாபத்தின் ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ பாட்டைத் தேர்ந்தெடுத்தது சரியான தேர்வு, ஏனென்றால் 1971-ல் வந்த அந்தப் பாட்டே கடவுள் நம்பிக்கையை ஆதரித்துப் பேசுவது. மைக்கேலின் குரலில் உச்சம் இன்னும் இருக்கிறது, ஆனால் நடுப்பகுதி தடித்திருக்கிறது. மெட்டுகளும் அதற்கேற்ப நடுஸ்தாயியில் உட்கார்ந்து, உச்சத்தைக் கோரஸின் முடிவுக்கு என்று சேமிக்கின்றன. ஐம்பதைத் தாண்டிய பாடகர் இருபது வயதுப் பாட்டைப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க இது கெட்டிக்காரத்தனமான வழி.

2017-ல் டிம் கெய்ன்ஸ் விலக, ஃபயர்ஹவுஸ் குழுவில் முன்பு இருந்த பெர்ரி ரிச்சர்ட்சன் பேஸுக்கு வந்தார். 2018 ஏப்ரலில் ‘காட் டேம் ஈவில்’. தீமையைத் தண்டியும் ஆண்டவரே என்ற ஜெபம்தான் தலைப்பு, ஆனால் திட்டுச் சொல்லாகக் காதில் விழுகிறது என்று ஒரு பெரிய சங்கிலிக் கடை விற்க மறுத்தது. அந்த ஆகஸ்டில் லாஸ் வேகஸ் மேடையில் ஆஸ் ஃபாக்ஸ் மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் அவர் குழுவை விடவில்லை. 2020-ல் ‘ஈவன் த டெவில் பிலீவ்ஸ்’, 2022-ல் ‘த ஃபைனல் பேட்டில்’, 2024 செப்டம்பரில் ‘வென் வி வேர் கிங்ஸ்’ வந்தன. இரண்டு வருடத்துக்கு ஒரு தட்டு என்ற இந்த வேகம் 80-களில் இவர்களோடு இருந்த பல குழுக்களுக்கு வாய்க்கவில்லை.

புதிதாகக் கேட்கிறவர்கள் பிளாட்டினம் தட்டிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. முதலில் ‘சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்’, உடனே ‘நோ மோர் ஹெல் டு பே’. நடுவில் 28 வருடம் இருந்தாலும் இரண்டிலும் கிட்டார் கை ஒன்றே என்பது தெரியும். பிறகு ‘டு ஹெல் வித் த டெவில்’. அதில் தலைப்புப் பாட்டும் ஆஸ் ஃபாக்ஸ் எழுதிய ‘த வே’யும் போதும் குழுவின் பலத்தைக் காட்ட. நான்காவதாக ‘அகெய்ன்ஸ்ட் த லா’வைக் கேளுங்கள், அன்று கிடைக்காத மரியாதை இன்றாவது கிடைக்கட்டும்.

பழைய தட்டு வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கு: ‘த யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்’ 1986-ல் மறுபடி அச்சானபோது இரண்டு பாட்டு கூடிவிட்டது, அவற்றில் ஒன்று கிறிஸ்துமஸ் பாட்டான ‘ரீசன் ஃபார் த சீசன்’. அட்டையும் மாறியது. விற்பவர் முதல் பதிப்பு என்று சொன்னால் அட்டையை நம்பாமல் தட்டை வெளியே எடுத்து லேபிளில் பாட்டுகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால் 1984, எட்டு இருந்தால் 1986. விலையும் அதற்குத் தகுந்தபடிதான் பேச வேண்டும்.